முறுக்கிக்கொண்ட இறக்கை

1917 ஜனவரி 24 அன்று, பிரான்சின் வீமி மேட்டுக்கு அருகே, பிரிட்டிஷ் உளவு விமானம் ஒன்றை ஜெர்மன் போர்விமானி மான்ஃப்ரெட் ஃபான் ரிக்ட்ஹோஃபென் சுட்டுத் தரையிறங்க வைத்தார். அது அவருடைய 18ஆவது வெற்றி. ஆனால் அதே பறப்பில், சுமார் 300 மீட்டர் உயரத்தில், அவருடைய சொந்த விமானத்தின் கீழ் இறக்கை விரிசல் விட்டது. எதிரியின் தோட்டா பட்டு வந்த விரிசல் அல்ல அது. பறந்ததாலேயே வந்த விரிசல். எப்படியோ தரைக்குக் கொண்டுவந்து உயிர் தப்பினார். அவருடைய பழைய படையணியான இரண்டாம் வேட்டை அணியிலும் இதேபோல இறக்கைகள் பழுதானதாகச் செய்தி வந்தது. மூன்றாம் நாள், ஜனவரி 27 அன்று, அந்த ரக விமானம் எதுவும் பறக்கக்கூடாது என்று ஜெர்மன் வான்படைத் தலைமை ஆணையிட்டது.

அந்த விமானம் ஆல்பட்ராஸ் டி.3. மூன்றே மாதங்களில் மேற்குப் போர்முனையின் வானத்தை ஆண்டது இதே விமானம்தான். எதிரி அஞ்சிய அளவுக்கு, செங்குத்தாகப் பாய்ச்சும்போது அதன் ஓட்டிகளும் அஞ்சிய விமானம். வலிமைக்கும் விறைப்புக்கும் உள்ள வேறுபாட்டைப் பொறியியல் உலகம் உயிர்களைக் கொடுத்துக் கற்றுக்கொண்ட கதை இதற்குள் இருக்கிறது. முதல் உலகப் போரின் ஜெர்மன் போர்விமானங்களைப் பற்றிய நூல்கள் பெரும்பாலும் வீரர்களின் வெற்றிக் கணக்கையே பேசுகின்றன. எனக்கு அந்த விரிசல்தான் முக்கியமாகப் படுகிறது.

முதலில், ஏன் இரண்டு இறக்கைகள்?

அன்றைய எஞ்சின்கள் பலம் குறைந்தவை. விமானம் மெதுவாகத்தான் பறக்கும். மெதுவாகப் பறக்கும் விமானத்தைத் தூக்கி நிறுத்த இறக்கையின் பரப்பு அதிகமாக வேண்டும். அந்தப் பரப்பை ஒரே இறக்கையாக நீட்டினால், மரமும் துணியும் கொண்டு செய்த அந்த நீளமான உறுப்பு தன் வேரில் முறிந்துவிடும். அதோடு, இறக்கை மெல்லியதாக இருந்தால்தான் காற்றை நன்றாக வெட்டிச் செல்லும் என்று அக்காலத்தில் உறுதியாக நம்பினார்கள். மெல்லிய இறக்கைக்குள் உயரமான உத்திரம் வைக்க இடம் கிடையாது. எனவே பரப்பை இரண்டாகப் பிரித்து, ஒன்றின் மேல் ஒன்றாக அடுக்கி, நடுவே முட்டுக்கால்களை நிறுத்தி, குறுக்கும் நெடுக்குமாக எஃகுக் கம்பிகளை இழுத்துக் கட்டினார்கள். ரயில்வே பொறியாளராக இருந்த ஆக்டேவ் ஷனூட், பாலங்களில் பயன்படும் சட்டக அமைப்பை 1896இல் தன்னுடைய எஞ்சினில்லாச் சறுக்கு விமானத்துக்குக் கொண்டுவந்தார். ரைட் சகோதரர்கள் அதை அவரிடமிருந்து எடுத்துக்கொண்டார்கள். இரண்டு இறக்கைகளும் கம்பிகளும் சேர்ந்து ஒரு பெட்டிபோல ஆகிவிடுவதால், எடை குறைவாக இருந்தும் எளிதில் வளையாது, முறுகாது. முறுகாது என்பதை நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும். கம்பிகள் எடையைத் தாங்குகின்றன என்பது எல்லோருக்கும் தெரிந்திருந்தது. முறுக்கையும் அவைதான் தடுக்கின்றன என்பதைப் பலர் யோசிக்கவில்லை.

ஜெர்மானியர்கள் வான்சண்டையை ஒற்றை இறக்கை விமானத்தோடுதான் தொடங்கினார்கள். 1915 கோடையில் ஃபொக்கரின் ஒற்றை இறக்கை விமானங்கள் போர்முனைக்கு வந்தன. அவற்றின் பெருமை முழுவதும் துப்பாக்கியில் இருந்தது. விமானத்தின் முன்னால் சுழலும் விசிறியின் அலகுகளுக்கு இடையே, அலகில் படாமல் சுடும் இயந்திரத் துப்பாக்கி. எஞ்சினோடு இணைந்த ஒரு புடைப்புச் சக்கரம், அலகு வழிவிட்டிருக்கும் கணத்தில் மட்டும் துப்பாக்கியின் விசையைத் தட்டும். நிமிடத்துக்கு 1,400 முறை சுழலும் இரண்டு அலகு விசிறி, துப்பாக்கி முனையை ஒரு நொடியில் ஏறத்தாழ 47 முறை கடக்கிறது. அந்த இடைவெளிகளைத் தவறாமல் பிடிக்க வேண்டும். விமானமே துப்பாக்கியாக மாறியது. விமானத்தை எதிரியை நோக்கித் திருப்பினால் போதும், குறிபார்த்தாகிவிட்டது.

ஆனால் அந்த விமானம் தன் துப்பாக்கிக்கு ஈடான விமானமாக இல்லை. 1916 தொடக்கத்தில் பிரான்சின் நியூபோர்ட் 11, பிரிட்டனின் டி.எச்.2 என்ற இரண்டு சிறிய இரட்டை இறக்கை விமானங்கள் வந்ததும் ஆதிக்கம் கைமாறியது. வெர்டன் சண்டையில் பிரெஞ்சு விமானங்கள் மேலோங்கின. ஜூலையில் சோம் ஆற்றங்கரைப் போர் தொடங்கியபோது, ஜெர்மன் காலாட்படையின் தலைக்கு மேல் பகை விமானங்கள் பீரங்கிக்குக் குறிசொல்லிக்கொண்டு தடையில்லாமல் சுற்றின. ஜெர்மனியின் பதில் 'டி' வரிசை. இரட்டை இறக்கைப் போர்விமானங்களுக்கு ராணுவம் வைத்த அடையாள எழுத்து அது. முதலில் வந்த ஹால்பர்ஸ்டாட் டி.2 உறுதியான, நம்பகமான விமானம். 120 குதிரைத்திறன் எஞ்சின், ஒரே துப்பாக்கி. ஃபொக்கரின் அப்போதைய இரட்டை இறக்கை முயற்சிகள் எடுபடவில்லை. வானத்தின் நிலையை மாற்றியது பெர்லினுக்கு அருகே யோஹானிஸ்டாலில் இருந்த ஆல்பட்ராஸ் தொழிற்சாலை.

அங்கே ராபர்ட் டேலனின் குழு 1916இல் உருவாக்கிய டி.1 விமானத்தைப் பார்த்தால், அதன் உடல்தான் முதலில் கண்ணில் படும். மற்ற பல விமானங்களின் உடல் மரச்சட்டத்தில் கம்பி கட்டித் துணி போர்த்தியது. ஆல்பட்ராஸின் உடல் மெல்லிய பிளைவுட் தகடுகளால் மூடப்பட்டு, மீன்போல வழுவழுப்பாக இருந்தது. அந்தப் பிளைவுட் வெறும் போர்வை அல்ல. சுமையின் பெரும்பகுதியை அந்தத் தோலே தாங்கியது. உள்ளே இழுத்துக் கட்டும் கம்பிகள் தேவைப்படவில்லை. காற்றின் எதிர்ப்பு குறைந்தது. தோட்டா துளைத்தாலும் உடல் குலையவில்லை. பின்னாளில் அலுமினியத்தில் செய்யப்பட்ட பயணிகள் விமானங்களின் உடலமைப்புக்கு முன்னோடிகளில் ஒன்றாக இதைச் சொல்வதில் மிகையில்லை.

அடுத்தது எஞ்சின். மெர்சிடஸ் நிறுவனத்தின் ஆறு உருளை, நீரால் குளிரும், 160 குதிரைத்திறன் எஞ்சின். எதிரில் இருந்த டி.எச்.2 விமானத்துக்கு 100 குதிரைத்திறன்தான். இந்தக் கூடுதல் திறனால் ஆல்பட்ராஸ் ஒன்றுக்கு இரண்டு இயந்திரத் துப்பாக்கிகளைச் சுமந்தும் வேகம் இழக்கவில்லை. மணிக்கு சுமார் 175 கிலோமீட்டர் வேகத்தில் பறந்தது. எடை கூடுதல் என்பதால் டி.எச்.2 போலச் சட்டென்று திரும்பாது. ஆனால் வேகமாக மேலே ஏறும், மேலிருந்து பாயும், இரண்டு துப்பாக்கியால் சுடும், விலகிப் போகும். சண்டையைத் தொடங்குவதா, முடித்துக்கொள்வதா என்று தீர்மானிக்கும் உரிமை வேகம் உள்ளவனிடம் இருக்கிறது. அடுத்து வந்த ஆல்பட்ராஸ் டி.2 விமானத்தில், ஓட்டியின் கண்ணை மறைத்த மேல் இறக்கையைச் சற்றுத் தாழ்த்தினார்கள்.

அந்த விமானத்துக்குப் பொருத்தமான மனிதரும் அப்போது இருந்தார். ஓஸ்வால்ட் போல்க்கே, 25 வயது. அதுவரை போர்விமானிகள் தனித்தனியாகத் திரிந்து வேட்டையாடினார்கள். அவர்களை ஒரே அணியாகச் சேர்க்க வேண்டும் என்று வாதிட்டவர்களில் முதன்மையானவர் போல்க்கே. 1916 ஆகஸ்டில் வேட்டை அணிகள் உருவானபோது இரண்டாம் அணி அவரிடம் வந்தது. ரிக்ட்ஹோஃபென் உட்படத் தன் ஆட்களை அவரே தேர்ந்தெடுத்தார். அவர்களுக்குச் சில விதிகளை வகுத்துக் கொடுத்தார். தாக்குவதற்கு முன் உயரத்தையும் முதுகுக்குப் பின்னே சூரியனையும் கைப்பற்று. மிக அருகில் போன பிறகே சுடு. தொடங்கிய தாக்குதலை முடித்துவிட்டுத் திரும்பு. மேலிருந்து எதிரி பாய்ந்தால் ஓடாதே, முகத்துக்கு முகம் திரும்பு. குழுவாகத் தாக்கு, ஆனால் ஒரே எதிரியைப் பலர் துரத்தாதீர்கள். இந்த விதிகளை விமானத்தோடு சேர்த்துப் படித்தால், அவை ஆல்பட்ராஸின் இயல்பிலிருந்தே பிறந்தவைபோல இருக்கும். ஏறவும் பாயவும் தெரிந்த கனமான விமானத்தைக் கையாளும் முறை அது. நூறு ஆண்டுகள் கடந்தும் போர்விமானப் பயிற்சியில் அவற்றின் சாரம் நிலைத்திருக்கிறது.

செப்டம்பர் 17 அன்று இரண்டாம் அணி புதிய ஆல்பட்ராஸ்களில் முதன்முறையாகக் கூட்டமாகப் பறந்தது. அன்றுதான் ரிக்ட்ஹோஃபெனுக்கு முதல் வெற்றி. சில வாரங்களிலேயே சோம் போர்முனையில் பிரிட்டிஷ் உளவு விமானங்கள் துணையில்லாமல் வரத் தயங்கின. அக்டோபர் 28 அன்று போல்க்கே இறந்தார். ஒரு பிரிட்டிஷ் விமானத்தைத் துரத்தியபோது, தன் அணித்தோழர் எர்வின் போமேயின் விமானச் சக்கரம் அவருடைய மேல் இறக்கையில் உரசியது. துணி கிழிந்து இறக்கை குலைய, கட்டுப்பாடு போனது. அப்போது அவருடைய வெற்றிக் கணக்கு 40. ஒரே எதிரியைப் பலர் துரத்தக்கூடாது என்று எழுதிய மனிதர், அந்த விதி மீறப்பட்ட ஒரு கணத்தில் போனதை எண்ணும்போது மனம் கனக்கிறது. போமே அதிலிருந்து மீளவே இல்லை என்று அவருடைய கடிதங்களைப் படித்தவர்கள் அறிவார்கள்.

இப்போது அந்தக் கீழ் இறக்கைக்கு வருவோம்.

நியூபோர்ட் விமானங்கள் ஜெர்மானியர்களை வெகுவாகக் கவர்ந்திருந்தன. பிடிபட்டவற்றை வான்படையின் ஆய்வுத்துறை தொழிற்சாலைகளுக்கு அனுப்பி, இதுபோலச் செய்யுங்கள் என்றது. சீமென்ஸ்-ஷுக்கர்ட் நிறுவனம் ஏறத்தாழ அப்படியே நகலெடுத்தது. ஆல்பட்ராஸ் தன் உடலையும் எஞ்சினையும் வைத்துக்கொண்டு, நியூபோர்ட்டின் இறக்கை அமைப்பை மட்டும் எடுத்துக்கொண்டது. அதில் மேல் இறக்கை அகலமானது, கீழ் இறக்கை ஒடுங்கிய பட்டை. ஓட்டி கீழே தரையை நன்றாகப் பார்க்கலாம். விமானம் வேகமாக ஏறும், எளிதாகத் திரும்பும். எல்லாம் உண்மைதான். ஆனால் ஒடுங்கிய இறக்கைக்குள் முன்னும் பின்னுமாக இரண்டு உத்திரங்கள் வைக்க இடமில்லை. நீளவாக்கில் ஒரே ஓர் உத்திரம். அதனால் மேலிருந்து வரும் முட்டுக்கால்களும் ஆங்கில 'வி' எழுத்துப்போலக் குவிந்து, அந்த ஒரே உத்திரத்தில் வந்து நின்றன.

ஒரு பிளாஸ்டிக் அடிக்கோலை எடுத்து, அதன் ஒரு முனையை மட்டும் மேசை விளிம்பில் இறுகப் பிடித்துக்கொள்ளுங்கள். மறுமுனையின் நடுக்கோட்டில் விரலால் அழுத்தினால் அது கீழே வளையும், அவ்வளவுதான். ஓரத்தில் அழுத்தினால் வளைவதோடு முறுகவும் செய்யும். ஆல்பட்ராஸின் கீழ் இறக்கையில் நடந்தது இரண்டாவது வகை. இறக்கையின் மேல் காற்று தரும் தூக்குவிசையின் மாற்றம், முன்விளிம்பிலிருந்து அகலத்தின் கால் பங்கு தூரத்தில் செயல்படும். உத்திரமோ அதைவிடப் பின்னால் இருந்தது. விசைக்கும் தாங்கும் இடத்துக்கும் இடையே இடைவெளி இருந்தால், அங்கே முறுக்கு உண்டாகும். இறக்கையின் முன்விளிம்பு சற்றே மேலே திரும்பும்.

இனிதான் ஆபத்து. முன்விளிம்பு மேலே திரும்பினால், இறக்கை காற்றைச் சந்திக்கும் கோணம் கூடுகிறது. கோணம் கூடினால் தூக்குவிசை கூடுகிறது. தூக்குவிசை கூடினால் முறுக்கு கூடுகிறது. முறுக்கு கூடினால் கோணம் மேலும் கூடுகிறது. ஒவ்வொரு சுற்றிலும் இறக்கையின் மரம் தன் விறைப்பால் எதிர்த்து இழுக்கிறது. மெதுவாகப் பறக்கும்போது மரம் வெல்லும், இறக்கை ஒரு நிலையில் அமைதியடையும். ஆனால் மரத்தின் விறைப்பு எந்த வேகத்திலும் ஒன்றுதான். காற்றின் விசையோ வேகத்தின் இருமடிக்கு ஏற்ப வளர்கிறது. மணிக்கு 170 கிலோமீட்டரில் இருந்த விமானம் பாய்ந்து 240ஐத் தொட்டால், வேகம் ஒன்றரை மடங்குகூட ஆகவில்லை, ஆனால் காற்றின் விசை இருமடங்காகிவிட்டது. ஏதோ ஒரு வேகத்தில் காற்று மரத்தை முந்தும். அதற்குமேல் இறக்கை நிற்பதற்கு நிலை என்ற ஒன்றே கிடையாது. முறிந்தால்தான் ஓயும்.

அன்றைய பொறியாளர்கள் கவனமில்லாதவர்கள் அல்லர். ஒவ்வொரு புது வடிவத்தையும் சோதித்தார்கள். விமானத்தைத் தலைகீழாகக் கவிழ்த்து, இறக்கையின் மேல் மணல் மூட்டைகளை அடுக்கி, எத்தனை மடங்கு சுமையைத் தாங்குகிறது என்று அளப்பார்கள். நல்ல சோதனைதான். ஆனால் மணல் வைத்த இடத்தில் வைத்தபடி இருக்கும். இறக்கை முறுகுகிறதே என்று மணல் தன் எடையைக் கூட்டிக்கொள்ளாது. காற்று கூட்டிக்கொள்ளும். இறக்கையின் வடிவம் மாறினால் சுமையும் மாறும் என்ற ஒரே விஷயத்தை அந்தச் சோதனையால் காட்ட முடியாது. எவ்வளவு சுமையில் முறியும் என்பது வலிமை. எவ்வளவு சுமையில் எவ்வளவு உருக்குலையும் என்பது விறைப்பு. மூட்டைகள் முதலாவதை அளந்தன. வானம் இரண்டாவதைக் கேட்டது. இந்த இடத்தை எத்தனை முறை படித்தாலும் எனக்கு வியப்பு அடங்குவதில்லை. தவறு கணக்கில் இல்லை, கேள்வியில் இருந்தது.

இதே வகை இறக்கை கொண்ட நியூபோர்ட்டிலும் கீழ் இறக்கை உடைந்த சம்பவங்கள் நடந்தன. ஆனால் அது இலகுவான விமானம், எஞ்சினும் சிறியது. ஆல்பட்ராஸ் கனமானது, பலமான எஞ்சின், பாய்ந்தால் வேகம் மளமளவென்று ஏறும். நகலெடுத்தவர்கள் வடிவத்தை எடுத்துக்கொண்டார்கள், அது எந்த எடைக்கும் வேகத்துக்கும் ஏற்ற வடிவம் என்பதை எடுத்துக்கொள்ளவில்லை.

ஆல்பட்ராஸ் நிறுவனம் கீழ் இறக்கையை வலுப்படுத்தியது. பிப்ரவரி 19 அன்று தடை நீங்கியது. இடைப்பட்ட காலத்தில் ரிக்ட்ஹோஃபென் பழைய ஹால்பர்ஸ்டாட் விமானத்துக்குத் திரும்பினார். தடை நீங்கியது என்றாலும் நோய் நீங்கவில்லை. செங்குத்தாக, நீண்ட நேரம் பாயாதீர்கள் என்பது ஓட்டிகளுக்கு எழுதாத சட்டமாக நிலைத்தது. டி.3க்கு இன்னொரு வேதனையும் இருந்தது. எஞ்சினைக் குளிர்விக்கும் ரேடியேட்டர் மேல் இறக்கையின் நடுவே, ஓட்டியின் தலைக்கு நேர் மேலே இருந்தது. அதில் தோட்டா துளைத்தால் கொதிநீர் அவர் முகத்தில் பீய்ச்சும். பிறகு வந்த விமானங்களில் அதை வலப்பக்கமாக நகர்த்தி வைத்தார்கள்.

இத்தனை குறையோடும் 1917 ஏப்ரலை வென்றது இதே விமானம். ஏப்ரல் 9 அன்று பிரிட்டிஷ் படை ஆராஸில் பெருந்தாக்குதலைத் தொடங்கியது. பீரங்கிகளுக்கு இலக்கு காட்டவும், பகை அகழிகளைப் படம்பிடிக்கவும் பிரிட்டிஷ் விமானங்கள் நாள்தோறும் ஜெர்மானியர் வசமிருந்த பகுதிக்குள் பறந்தே ஆக வேண்டும். எத்தனை இழப்பு வந்தாலும் முன்னேறிப் பறப்பது என்பது அவர்களுடைய தளபதி ட்ரென்சர்டின் கொள்கை. பறந்த விமானங்களில் பல மெதுவான பழைய ரகம். எண்ணிக்கையில் ஜெர்மன் அணிகள் குறைவு. ஆனால் அவை தம் நிலப்பரப்பின் மேலேயே காத்திருந்து, வேண்டியபோது எழுந்து, வேண்டிய உயரத்திலிருந்து பாய்ந்தன. அங்கே பெரும்பாலும் மேற்கிலிருந்தே காற்று வீசும். அடிபட்ட பிரிட்டிஷ் விமானம் எதிர்காற்றில் ஊர்ந்து வீடு திரும்ப வேண்டும்.

அந்த ஒரு மாதத்தில் பிரிட்டிஷ் தரப்பு இழந்த விமானங்கள் சுமார் 245. ஜெர்மன் இழப்பு 66. பிரிட்டிஷ் விமானிகளில் இருநூறுக்கு மேற்பட்டோர் இறந்தார்கள் அல்லது காணாமல் போனார்கள், நூறுக்கு மேற்பட்டோர் சிறைப்பட்டார்கள். ரிக்ட்ஹோஃபென் தலைமையேற்ற 11ஆம் அணி மட்டும் 89 வெற்றிகளைக் கணக்கில் சேர்த்தது. இறந்தவர்களில் பலர் போதிய பயிற்சியில்லாமல் வந்த இளைஞர்கள். பிரிட்டனில் அந்த மாதத்தை இன்றும் ரத்த ஏப்ரல் என்றே சொல்கிறார்கள். ஆனால் இத்தனைக்குப் பிறகும் உளவுப் பறப்பு நிற்கவில்லை, பீரங்கிகளுக்குக் குறி கிடைத்துக்கொண்டேயிருந்தது, வீமி மேடு கனடியப் படையிடம் விழுந்தது. சுட்டு வீழ்த்திய எண்ணிக்கையையும் போரின் விளைவையும் ஒன்றாக எண்ணுகிறவர்கள் இதை விட்டுவிடுகிறார்கள்.

கோடையில் பிரிட்டனின் எஸ்.இ.5, கேமல், பிரான்சின் ஸ்பாட் ஆகியவை எதிரே நின்றன. ஆல்பட்ராஸின் பதில் டி.5. உடலை நீள்வட்டமாக்கி எடையைக் குறைத்தார்கள். கீழ் இறக்கையோ அதே பழைய இறக்கை. உடைவது கூடியது. முட்டுக்காலின் அடியிலிருந்து இறக்கையின் முன்விளிம்புக்கு ஒரு சின்னத் துணைக்கால் வைத்து முறுக்கைத் தடுக்கப் பார்த்தார்கள். பிறகு பல இடங்களில் மரத்தைத் தடித்து டி.5ஏ என்று வெளியிட்டார்கள். வலுவானது, ஆனால் கனமும் கூடியது, குறைத்த எடையெல்லாம் திரும்ப வந்துவிட்டது. அந்த ஜூலையில் ரிக்ட்ஹோஃபென் ஒரு கடிதத்தில், ஆங்கிலேயரின் விமானங்களுக்கு முன் இது எதற்கும் உதவாது என்று கடுமையாக எழுதினார். இருந்தும் வேறு வழியில்லாமல் இந்த இரண்டு வகையும் சேர்ந்து சுமார் 2,500 விமானங்கள் கட்டப்பட்டன. அந்த ஆண்டின் கடைசியில் முனையில் இருந்த ஜெர்மன் ஓட்டிகளுக்கு நேர்ந்த அநீதி இது என்றே நினைக்கிறேன்.

இதே டி.3 ஆஸ்திரியாவில் வேறு விதமாக வாழ்ந்தது. வியன்னாவுக்குத் தெற்கே, வீனர் நோய்ஸ்டாட்டில் இருந்த எஃபாக் தொழிற்சாலை உரிமம் பெற்று அதைக் கட்டியது. அவர்கள் வரைபடத்தை அப்படியே பின்பற்றவில்லை. கீழ் இறக்கையின் உத்திரத்தைத் தடிப்பாக்கினார்கள், விலாக்களை உறுதிப்படுத்தினார்கள். 185இல் தொடங்கி 225 குதிரைத்திறன் வரை எஞ்சின்களை ஏற்றினார்கள். ஜெர்மன் விமானத்தைவிட வேகமாகப் பறந்தும் அந்த இறக்கைகள் நின்றன. கட்டியவை 500க்கும் மேல். போர் முடிந்த பிறகு போலந்து 38 விமானங்களை வாங்கி, 1920இல் சோவியத் படைகளுக்கு எதிரான போரில் பயன்படுத்தியது. ஜெர்மனியில் இரண்டு ஆண்டுகள் தீராத சிக்கலை, அடுத்த நாட்டுத் தொழிற்சாலை ஒன்று தடித்த மரத்தால் தீர்த்தது.

ஜெர்மனியில் தீர்வு வேறு திசையிலிருந்து வந்தது. கோட்டிங்கன் பல்கலைக்கழகத்தில் லுட்விக் பிராண்டலின் காற்றுச் சுரங்கத்தில் இறக்கை வடிவங்களைச் சோதித்தபோது, மெல்லிய இறக்கைதான் சிறந்தது என்ற பழைய நம்பிக்கை ஆட்டம் கண்டது. முந்தைய சோதனைகள் சிறிய மாதிரிகளையும் மெதுவான காற்றையும் வைத்துச் செய்யப்பட்டவை. அந்த அளவுகளில் காற்று நடந்துகொள்ளும் விதம் வேறு. பெரிய சுரங்கத்தில், வட்டமான முன்விளிம்பு கொண்ட தடித்த இறக்கை அதிகத் தூக்குவிசை தந்தது, மூக்கை அதிகமாக உயர்த்தினாலும் சட்டென்று தூக்குவிசையை இழக்கவில்லை. தடித்த இறக்கைக்குள் உயரமான உத்திரம் வைக்கலாம். உயரமான உத்திரம் இருந்தால் வெளிக்கம்பிகளே வேண்டாம்.

1918 ஜனவரியில் பெர்லின் அருகே ஆட்லர்ஷோஃபில் நடந்த போட்டியில் ஃபொக்கர் கொண்டுவந்த இரட்டை இறக்கை விமானம் இந்த அறிவின் மேல் நின்றது. எஃகுக் குழாய்களைப் பற்றவைத்த உடல், தடித்த இறக்கைகள், அவற்றுள் பெட்டி வடிவ உத்திரங்கள் இரண்டிரண்டு. கீழ் இறக்கையிலும் இரண்டு. முட்டுக்கால்கள் 'வி' வடிவில் குவியாமல் 'என்' வடிவில் விரிந்து, முன் உத்திரத்தையும் பின் உத்திரத்தையும் தனித்தனியே பிடித்துக்கொண்டன. இறக்கை முறுக நினைத்தால் முன்னும் பின்னும் பிடி இருந்தது. ரிக்ட்ஹோஃபென் அதை ஓட்டிப் பார்த்து, பாயும்போது நிலைகொள்ளவில்லை என்று குறை சொன்னார். உடலை நீட்டி, வாலில் நிலையான செங்குத்துத் துடுப்பு ஒன்றைச் சேர்த்துச் சரிசெய்தார்கள். ஃபொக்கர் டி.7 பிறந்தது. ராணுவம் அதைக் கட்டித்தரும்படி போட்டியாளரான ஆல்பட்ராஸுக்கே ஆணையிட்டது. ஃபொக்கரிடம் முறையான வரைபடங்கள் இல்லாததால், ஒரு முழு விமானத்தைப் பார்த்து ஆல்பட்ராஸ் தானே வரைந்துகொண்டது. அதனால் ஒரு தொழிற்சாலையின் உறுப்பு இன்னொன்றின் விமானத்தில் பொருந்தாது.

டி.7 தன் சாதாரண மெர்சிடஸ் எஞ்சினோடு நல்ல விமானம். மாக்ஸ் ஃப்ரிட்ஸ் வடிவமைத்த பி.எம்.டபிள்யூ எஞ்சினோடு அது வேறு விமானம். காற்று மெலிந்த உயரத்துக்கென்றே அதிக அழுத்தத்தில் எரியும்படி செய்யப்பட்ட எஞ்சின் அது. தாழ்வான உயரத்தில் முழுத் திறனைத் திறந்தால் எஞ்சின் கெடும், மேலே போகப் போக மற்ற எஞ்சின்கள் மூச்சுத் திணறும்போது இது தன் பலத்தைக் காத்துக்கொள்ளும். நேச நாட்டு விமானிகள் மெச்சி எழுதிய பண்பு ஒன்று உண்டு. மூக்கை உயர்த்தி, விசிறியைப் பிடித்துத் தொங்குவதுபோல நின்று, தலைக்கு மேலே பறப்பவரைக் கீழிருந்தே சுடும். மற்ற விமானங்கள் அந்தக் கோணத்தில் சரிந்து விழும். 1918 ஜூலை 22 அன்று பிரான்சின் கார்வன் அருகே இந்த டி.7 விமானங்களோடு நடந்த சண்டையில்தான், கொல்கத்தாவில் பிறந்த இந்திரலால் ராய் இறந்தார். பிரிட்டிஷ் வான்படையில் எஸ்.இ.5ஏ ஓட்டி, அந்த ஒரே மாதத்தில் பத்து வெற்றிகள் பெற்றவர். வயது 19.

நவம்பரில் போர்நிறுத்த உடன்படிக்கையில் ஜெர்மனி 1,700 விமானங்களை ஒப்படைக்க வேண்டும் என்று எழுதினார்கள். அந்த வரியிலேயே, எல்லாவற்றுக்கும் முன்னால் டி.7 விமானங்கள் அனைத்தும் என்று பெயர் குறிப்பிட்டுக் கேட்டார்கள்.

முறுக்கின் கதை அதோடு முடியவில்லை. 1918 ஆகஸ்டில் ஃபொக்கரின் அடுத்த விமானம், ஓட்டியின் தலைக்கு மேல் ஒரே இறக்கை கொண்டது, முனைக்கு வந்து சில நாட்களிலேயே இறக்கை முறிந்து விழத் தொடங்கியது. மோசமான கைவேலையும் ஈரத்தில் கெட்ட மரமும் காரணம் என்றது விசாரணை. ஃபொக்கர் பிற்காலத்தில் தன் நினைவுக் குறிப்புகளில் வேறொரு காரணம் எழுதினார். பின் உத்திரமும் முன் உத்திரத்துக்கு இணையான வலிமையோடு இருக்க வேண்டும் என்று ராணுவம் வற்புறுத்தியதாம். அப்படி வலுப்படுத்தியதும் இறக்கையின் தாங்கும் அச்சு பின்னால் நகர்ந்துவிட்டது. சுமையேற்றி அளந்து பார்த்தபோது, சுமை கூடக்கூட இறக்கை நுனியின் கோணமும் கூடுவதைக் கண்டாராம். வலுப்படுத்தியதாலேயே இறக்கை ஒடிந்தது என்கிறது அவர் கூற்று. இரண்டு காரணங்களும் கலந்திருக்க வாய்ப்பு உண்டு. ஆனால் அவர் விவரிக்கும் இயக்கம் ஆல்பட்ராஸின் கீழ் இறக்கையில் நடந்ததேதான்.

இதைக் கணக்காக எழுதியவர் ஹான்ஸ் ரைஸ்னர். 1912இல் யுங்கர்ஸின் உதவியோடு நெளிதகடு இறக்கை கொண்ட உலோக விமானம் ஒன்றைக் கட்டிப் பறக்கவிட்ட ஜெர்மன் பேராசிரியர் அவர். 1926இல் அவர் வெளியிட்ட ஆய்வில், தூக்குவிசையின் மையத்துக்கும் இறக்கையின் தாங்கும் அச்சுக்கும் உள்ள இடைவெளி, இறக்கையின் முறுக்கு விறைப்பு ஆகியவற்றைக் கொண்டு, எந்த வேகத்தில் இறக்கை நிலையிழந்து திருகிக்கொள்ளும் என்பதைக் கணிக்க வழி காட்டினார். அதன் பிறகு ஒரு விமானத்தின் அந்த எல்லை வேகத்தை, யாரும் அதில் ஏறுவதற்கு முன்பே, வரைபலகையில் வைத்துச் சொல்ல முடிந்தது.